போன் ஓய்ந்த நேரத்தில் பேசும் கம்பி

(நமது அறக்கட்டளையின் சமூக நலக் கூட்டத்தில், இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிப்பட்டைச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





நான் மேடைப் பேச்சாளன் இல்லை. உங்களில் பாதிப்பேர் வீட்டில் வயரிங் செய்தவன். என் வீட்டு மொட்டை மாடியில் குழாய் நட்டு, இரண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்து, "என்ன பாய், துணி காயப்போடவா?" என்று கேட்டவர்கள் பலர். சிலர் கேட்காமலே பயந்தும் போனார்கள். அது என்ன, எதற்கு, எப்படிச் செய்வது என்று சொல்லும்படி நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். அதனால்தான் நிற்கிறேன்.

எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. என் அக்கா சைதாப்பேட்டையில் இருக்கிறாள். "அடையாற்றில் தண்ணீர் ஏறுது, தெருவுக்குள்ள வந்துடுச்சு" என்று போனில் சொன்னாள். அத்தோடு லைன் போயிற்று. மறுநாள் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். மச்சான் நம்பரும் அப்படியே. அக்கம்பக்கத்தார் நம்பர் ஒன்றும் போகவில்லை. டவர்களுக்குக் கரண்ட் இல்லை, டீசலும் போய்ச் சேரவில்லை. அம்மா மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து அக்கா பேசினாள். முதல் இரவே அவர்களைப் பக்கத்துப் பள்ளிவாசலில் ஏற்றிவிட்டார்களாம். எல்லா மதத்தாரும் அங்கேதான் தங்கினார்களாம். சாப்பாடு, போர்வை எல்லாம் கிடைத்ததாம்.

அவள் மூன்று நாளும் நலமாகத்தான் இருந்திருக்கிறாள். "நலம்" என்ற அந்த ஒரு வார்த்தை சென்னையிலிருந்து பள்ளிப்பட்டுக்கு வர மூன்று நாள் பிடித்தது.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அதே நாட்களில் சென்னையில் ஹாம் ரேடியோக்காரர்கள் பேட்டரியை வைத்துக்கொண்டு, போன் இல்லாத இடங்களிலிருந்து செய்தி கடத்திக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் அதைக் கேட்கக் காது இல்லை, அவ்வளவுதான்.

இது சென்னைக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. ஆந்திரப் பக்கம் மழை கொட்டி, கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் நமது கொசஸ்தலை ஆறு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். நெடியம் தரைப்பாலம் மூழ்கும். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அந்த நேரத்தில் டவரும் படுத்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று கேட்க வழியில்லை.

ஹாம் ரேடியோ என்றால் என்ன? அரசின் உரிமம் பெற்ற தனிமனிதர்கள், சொந்தக் கருவியில், லாப நோக்கமில்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசுவது. நடுவில் டவர் கிடையாது, கம்பெனி கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. என் கம்பியிலிருந்து கிளம்பும் அலை நேராக அவர் கம்பியில் போய்ச் சேர வேண்டும்.

இதன் அருமையை நாடு பார்த்தது 2004-இல். ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு, அந்த டிசம்பரில் அந்தமானுக்குப் போயிருந்தது. பல ஆண்டுகளாக ஹாம் ஒலியே கேட்காத தீவு அது. உலகமெங்கும் உள்ள ஹாம்களோடு பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. வி.யு.4 ஆர்.பி.ஐ. என்பது அங்கே அவருக்கு அளிக்கப்பட்ட அழைப்புக் குறி. டிசம்பர் 26 காலை நிலநடுக்கம், பிறகு சுனாமி. தொலைபேசிகள் ஓய்ந்தன. பொழுதுபோக்காகக் கட்டிய ஆன்டெனா அன்று முதல் தீவுக்கும் தாய்நாட்டுக்கும் நடுவே செய்தி கடத்தியது. "இன்னார் உயிரோடு இருக்கிறார், வீட்டில் சொல்லிவிடுங்கள்" என்ற வகைச் செய்திகள். எத்தனை அம்மாக்களுக்குச் சோறு இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேலே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். இது ஆண்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை.

இனி ஆன்டெனாவுக்கு வருகிறேன்.

ரேடியோவை வாங்கத்தான் வேண்டும். ஆன்டெனாவை நாமே செய்யலாம். நம் கடைத்தெருவில் கிடைக்கும் சாமான்கள் போதும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு வயர், 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர். ஐம்பது ஓம் கோஆக்ஸ் கேபிள், ஆர்.ஜி.58 என்று கேட்டால் கொடுப்பார்கள். பி.வி.சி. குழாய்த் துண்டுகள், நைலான் கயிறு, 6 மீட்டர் ஜி.ஐ. குழாய் அல்லது நல்ல மூங்கில் ஒன்று.

கம்பி எவ்வளவு நீளம்? இதுதான் முழு விஷயமும். ஊஞ்சலைத் தள்ளும்போது அது ஆடுகிற தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் சிறு பிள்ளை தள்ளினாலும் உயரப் போகும். தாளம் தப்பினால் பெரிய ஆள் தள்ளினாலும் போகாது. கம்பிக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ற தாளம் ஒன்று உண்டு. நாம் பேசப்போகும் அலைவரிசை 7.1 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ 7.1-ஆல் வகுத்தால் 42 மீட்டர் சொச்சம். அதுதான் அலையின் நீளம். அதில் பாதி நமக்கு வேண்டும். நிஜக் கம்பியில் அந்தப் பாதியைவிட ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து குறைவாகவே தேவைப்படும். அதனால் ஹாம்கள் 143-ஐ அலைவரிசையால் வகுப்பார்கள். 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.1 மீட்டர். நடுவில் வெட்டி இரண்டாக்கினால் ஒரு பக்கம் 10 மீட்டர் சொச்சம். இதற்கு டைபோல் என்று பெயர்.

அலைவரிசை கூடக் கூட ஆன்டெனா சிறுக்கும். திருப்பதிப் பக்கம் காதங்கியில் வானிலை ஆராய்ச்சிக்கான பெரிய ரேடார் இருக்கிறது. 1024 யாகி ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கும். அது வேலை செய்வது 53 மெகாஹெர்ட்ஸில். அதனால் அங்கே ஒவ்வொன்றும் 3 மீட்டர் அளவில் முடிந்துவிடுகிறது. நமக்கு 20 மீட்டர் வேண்டியிருக்கிறது. கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

நீளம் இவ்வளவு என்று சொன்னேனே, அப்படியே வெட்டிவிடாதீர்கள். ஒரு பக்கம் பத்தரை மீட்டர் விட்டு வெட்டுங்கள். நீளக் கம்பியைக் குறைப்பது சுலபம், குறைந்த கம்பியை வளர்ப்பது கஷ்டம். தையல்காரர் துணி வெட்டும்போது மடிப்புக்கு விடுவாரே, அதுபோல.

நடுவில் பி.வி.சி. துண்டு ஒன்று. அதன் இரு பக்கமும் கம்பிகளைத் துளையில் கோத்து முடிந்துவிடுங்கள். இழுவிசை முடிச்சில் இருக்க வேண்டும், ஈயப் பற்றில் இருக்கக் கூடாது. கேபிளின் நடுக்கம்பியை ஒரு பக்கத்துக்கும், வலையை மறுபக்கத்துக்கும் பற்றவையுங்கள். அதற்குச் சற்றுக் கீழே கேபிளையே 4 அங்குலக் குழாயில் 10 முதல் 15 சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். கேபிளின் மேல்வலை தானும் ஆன்டெனாவாக மாறி வீட்டுக்குள் அலையைக் கொண்டுவராமல் இந்தச் சுற்று தடுக்கும். மேலே கேபிள் திறந்திருக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகக் கூடாது. முதல் மழைக்காலத்தில் நான் வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு, ஐப்பசியில் 15 மீட்டர் கேபிளைத் தூக்கிப் போட்டேன். உள்ளே வலை பச்சை பூத்திருந்தது.

நடுவைக் குழாயின் உச்சியில் கட்டி, இரண்டு நுனிகளையும் கூரை சரிவதுபோல் கீழ்நோக்கி இழுங்கள். நடுவில் கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல், 120 இருந்தால் நல்லது. என் வீட்டு மாடி போதவில்லை. ஒரு நுனி பக்கத்து வீட்டு அண்ணனுடைய தென்னை மரத்தில் இருக்கிறது. போய்க் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். நெடியம் பக்கம் அவருக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

மூன்று எச்சரிக்கைகள். எலக்ட்ரீஷியனாகச் சொல்கிறேன், விளையாட்டாக எடுக்காதீர்கள்.

ஒன்று, மின்வாரியக் கம்பி போகும் பக்கம் ஆன்டெனாவையோ குழாயையோ கொண்டுபோகவே கூடாது. குழாய் சாய்ந்தாலும், கம்பி அறுந்து பறந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இடம் இல்லை என்றால் அந்த வீட்டில் வேண்டாம்.

இரண்டு, பேசும்போது கம்பியின் நுனியில் மின்னழுத்தம் மிக அதிகம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் 3 மீட்டருக்கு மேலே இருக்கட்டும்.

மூன்று, இடி முழங்கினால் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

இனிமேல்தான் சுருதி கூட்டுவது.

நாம் அனுப்பும் சக்தி முழுவதையும் கம்பி ஏற்றுக்கொள்கிறதா, திருப்பி அனுப்புகிறதா என்று காட்டும் அளவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். என்று பெயர். 1 என்றால் எல்லாமே போகிறது. 1.5 என்றால் நூற்றுக்கு 4 திரும்பும். 2 என்றால் 11. 3 என்றால் கால் பங்கு திரும்பி வந்து ரேடியோவைச் சூடாக்கும். 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இதைப் பார்க்க நானோ வி.என்.ஏ. என்று உள்ளங்கை அளவுக் கருவி இருக்கிறது. பத்துப் பேருக்கு ஒன்று போதும்.

என் கம்பியை முதலில் அளந்தபோது அது 6.62 மெகாஹெர்ட்ஸில் தாளம் போட்டது. நமக்கு வேண்டியது 7.10. கணக்கு எளிது. இப்போதைய நீளத்தை 6.62-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுக்க வேண்டும். 10.50 மீட்டர், 9.79 ஆக வேண்டும் என்று வரும். 143-ஆல் கிடைத்த நீளத்தைவிடக் குறைகிறதே என்று கேட்கலாம். அந்தக் கணக்கு வெறும் கம்பிக்கு. நம் வயரில் பி.வி.சி. உறை இருக்கிறது, சரிவாகவும் கட்டியிருக்கிறோம். இரண்டும் தாளத்தை மாற்றும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மஃரிபுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், மனக்கணக்காக ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மீட்டர் வெட்டிவிட்டேன். ஏற்றிப் பார்த்தால் ஏழரை! நமக்கு நாட்டில் அனுமதி 7.0 முதல் 7.2 வரைதான். மறுநாள் வெட்டிய துண்டுகளைக் குப்பையில் தேடி எடுத்து, திரும்பப் பற்றவைத்தேன்.

ஆகவே வெட்டாதீர்கள். நுனியை மடித்துக் கம்பியோடு கம்பியாகச் சுற்றிவிடுங்கள். மடித்தால் குறைந்த மாதிரிதான், பிசகினால் பிரித்துவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு மடிக்க வேண்டும். முதலில் கணக்கில் வந்ததில் முக்கால் பங்கு மட்டும் குறையுங்கள், ஏற்றுங்கள், அளவெடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் ஒரு பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸ் நகரும். ஒவ்வொரு முறையும் முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மாடித் தரைக்குப் பக்கத்தில் வைத்துச் சரிசெய்து மேலே ஏற்றினால் எல்லாம் மாறிவிடும். எனக்குப் பதினோரு முறை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. பொறுமைதான் இதில் முக்கியமான சாமான். அது கடையில் கிடைக்காது.

"இவ்வளவு தாழ்வாகக் கட்டினால் தூரம் போகுமா? நம்மைச் சுற்றி மலை ஆயிற்றே?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வாக்கி டாக்கியின் அலை நேராகப் போவது. நகரி மலை குறுக்கே நின்றால் அதோடு சரி. நம் 7 மெகாஹெர்ட்ஸ் அலை, கம்பி தாழ்வாக இருந்தால் பெரும்பாலும் செங்குத்தாக மேலே போகும். சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. அதில் பட்டுக் குடை விரித்ததுபோல் கீழே இறங்கும். சென்னை, வேலூர், புதுச்சேரி, பெங்களூர் எல்லாம் அந்தக் குடைக்குள் வரும். மலை குறுக்கே நிற்க முடியாது. வெள்ள நேரத்தில் நமக்கு வேண்டியது அமெரிக்கா இல்லை, திருவள்ளூரும் சென்னையும்தான். இந்தத் தாழ்வான கம்பி அதற்கென்றே அமைந்தது. ஒரு குறையும் உண்டு. இரவு ஏற ஏற அந்த அடுக்கு மெலிந்துவிடும். பக்கத்து ஊர் மறைந்து தூர தேசம் கேட்கும். அதற்கு 3.5 மெகாஹெர்ட்ஸில் இதைப்போல் இருமடங்கு நீளக் கம்பி கட்ட வேண்டும்.

இன்னொரு அனுபவம். சாதாரண நாளில் நம் ஊரில் ரேடியோவைத் திறந்தால் இரைச்சல். எல்.இ.டி. பல்பு, சார்ஜர், விசைத்தறிக் கூடம் எல்லாம் சேர்ந்து கொர்ரென்று கேட்கும். ஒருநாள் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. நான் பேட்டரியில் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று அமைதி. அதுவரை புரியாமல் முனகிக்கொண்டிருந்த குரல் ஒன்று, தெலுங்கில், பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிந்தது. ஊர் இருட்டாகும் நேரத்தில்தான் இந்தக் கருவிக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தால், குறைந்த சக்தியில் அளவாகப் பேசி நாள் முழுக்க ஓட்டலாம்.

இப்போது பயத்தைப் பற்றி. "மாடியில் கம்பி கட்டி வயர்லெஸ் பேசினால் போலீஸ் வராதா? அதுவும் நம் வீட்டுப் பிள்ளைகள்?" என்று தாய்மார்கள் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் அதைத்தான் கேட்டார்கள். அதற்கு ஒரே பதில் உரிமம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு இருக்கிறது. அதன் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். ரேடியோவின் அடிப்படை, சட்ட விதிகள் என்று இரண்டு பகுதி. முதல்நிலைக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை; உயர்நிலைக்குத்தான் அது. உரிமம் கைக்கு வரும்முன் அனுப்பும் கருவியை வாங்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். இதில் விளையாட்டே கூடாது.

உரிமம் வந்ததும் நான் அதன் நகலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். இன்னொரு நகலை எடுத்துக்கொண்டு நானே காவல் நிலையத்துக்குப் போய், மாடியில் இருப்பது இன்னது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் பேசினேன் என்று நோட்டில் எழுதிவைக்கிறேன். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். வானலையில் மதம், அரசியல், வியாபாரம் பேசுவதில்லை என்பது ஹாம்களின் வழக்கம். எல்லோரும் கேட்கும்படி, ஒளிவுமறைவு இல்லாமல், பெயரும் அழைப்புக் குறியும் சொல்லித்தான் பேசுகிறோம். மறைத்துச் செய்தால்தான் சந்தேகம் வரும். சட்டப்படி, ஊர் அறியச் செய்யும் காரியத்தில் பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு காயில் வயர் 90 மீட்டர். ஓர் ஆன்டெனாவுக்கு 21 மீட்டர். நான்கு வீட்டுக்கு ஒரே காயில் போதும். ஊரின் நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் முன்வாருங்கள். ஆணோ பெண்ணோ, மாணவரோ தறிக்காரரோ, நம் ஜமாஅத்தோ வேறு யாரோ, யாராக இருந்தாலும் சரி. வயர் என் செலவு. தேர்வுக்கு, இன்ஷா அல்லாஹ், ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு இங்கேயே சொல்லித் தருகிறேன். தண்ணீர் வந்தபிறகு கற்றுக்கொள்ள முடியாது. வாரம் ஒருமுறை பேசிப் பழகியவருக்குத்தான் அவசரத்தில் நாக்கு எழும். காலை வேளைகளில் ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடி, ஒவ்வொருவராக வருகை சொல்லும் வழக்கம் உண்டு, நெட் என்பார்கள். நாமும் அதில் பழகவேண்டும்.

சைதாப்பேட்டையில் அக்கா மகன் இந்த ஆண்டு தேர்வுக்குப் படிக்கிறான். அவன் மாடியில் கட்டவேண்டிய கம்பியை நான் அளந்து வைத்துவிட்டேன். பத்தரை மீட்டர், இரண்டு துண்டு. வெட்டவில்லை, மடித்துத்தான் வைத்திருக்கிறேன். அடுத்த மழைக்கு முன் அவன் குரல் என் கருவியில் கேட்க வேண்டும். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.